குழாய்த் தண்ணீரில் துவைக்க எந்தச் சோப்புத்தூள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்புத்தூள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் சில வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதனால் எங்கள் குடியிருப்பில் யாருக்குத் துணி வெளுக்காவிட்டாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். வெந்நீர் போடாமல், அதிகம் செலவழிக்காமல் துணி சுத்தமாக என்ன வழி என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறைந்த வெப்பத்தில் துவைப்பது என்றால் எத்தனை டிகிரி?

குளிர் நாடுகளில் பல காலம் 60 டிகிரி, சில துணிகளுக்கு 90 டிகிரி என்று வைத்துத் துவைத்தார்கள். அவர்களுக்கு 30 டிகிரியே குறைந்த வெப்பம். நம்ம ஊரில் சமவெளியில் குழாயைத் திறந்தாலே வருவது ஏறக்குறைய அந்தச் சூடுதான். அதாவது அவர்கள் மின்சாரம் செலவழித்து எட்டும் இடத்தில் நாம் சும்மாவே நிற்கிறோம்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். சுத்தமான தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். எண்ணெய் உருகியிருக்கிறதா, தலையணை உறையில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் இளகித்தான் இருக்கும், சோப்பு அதைப் பிடித்து இழுத்துவிடும். மார்கழிக் காலையில் உறைந்திருக்கிறதா, அன்றைக்குத் துணியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவையுங்கள், அல்லது வெயில் ஏறிய பிறகு துவையுங்கள்.

வெந்நீர் இல்லாமல் அழுக்கு முழுசாகப் போகுமா?

போகும். ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அழுக்கு போக நான்கு விஷயம் வேண்டும்: சூடு, சோப்பு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டிக்கொள்ளலாம். நம்ம பாட்டிகள் கல்லில் அடித்துத் துவைத்தபோது தேய்ப்பைக் கூட்டினார்கள். மெஷின் வைத்திருப்பவர்கள் கூட்ட வேண்டியது நேரத்தை. அரை மணி ஊறவைப்பதற்குக் காசு செலவில்லை. மெஷினில் 15 நிமிஷத்தில் முடியும் 'குயிக் வாஷ்' போட்டுவிட்டு, பவுடர் சரியில்லை என்று என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

அதற்காக ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். நம்ம சூட்டில் அந்த அழுக்குத் தண்ணீரில் கிருமி பெருகி வாடை அடிக்கும், சாயமும் இறங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி போதும்.

விலை குறைந்த தூளுக்கும் விலை கூடியதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

இது நான் கையால் செய்து பார்த்த விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறு பட்டறைகளில் சோப்புத்தூளின் உயிர் 'ஆசிட் ஸ்லரி'. வெல்லப்பாகு மாதிரி கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அதை வெள்ளை சோடா மாவின் மேல் ஊற்றிக் கிளறினால் பொங்கிச் சூடாகி, நிறம் வெளிறி, பிசுபிசுப்பு போய்த் தூளாக உதிரும். அழுக்கை எடுப்பது அந்த ஸ்லரியிலிருந்து வரும் பொருள்தான். நாங்கள் அதை 'ஆக்டிவ்' என்போம். அதன் மூலப்பொருளைச் சென்னை மணலியிலேயே தயாரிக்கிறார்கள். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரஃபினும் பென்சீனும் சேர்ந்து வருவது அது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் சோப்புத்தூள் விலையும் ஏறுவது இதனால்தான்.

விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் ஆக்டிவைக் குறைப்பார்கள். அந்த இடத்தை சலவை சோடா, சாதா உப்பு, சோடியம் சல்பேட் போன்றவை நிரப்பும். சலவை சோடா கெட்டது இல்லை. எண்ணெய்ப் பிசுக்கை அது நன்றாக வெட்டும். அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் நிர்மாவை மலிவு விலையில் விற்கத் தொடங்கிய பிறகு, அதுவரை பார் சோப்பையே நம்பியிருந்த கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சோப்புத்தூள் கைக்கு எட்டியது. சோடாவும் ஆக்டிவும் சேர்ந்த எளிய தூள் அது. அன்றாட அழுக்குக்கு அப்படிப்பட்ட தூள் இன்றைக்கும் போதும். ஆனால் சோடா மிதமிஞ்சினால் கையில் எரிச்சல் வரும், விரல் நுனி உரியும்.

விலை கூடிய தூளில் மூன்று சேர்க்கை இருக்கும். ஒன்று என்சைம், தமிழில் நொதி. ரத்தம், பால், வியர்வை மாதிரி புரதக் கறையையும், சோறு, கஞ்சி, குழம்பு மாதிரி மாவுக் கறையையும் துண்டு துண்டாக அறுத்துக் கரையவிடும். இரண்டாவது, உப்புத் தண்ணீரை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரைச் சமாளிக்கும் ஜியோலைட் போன்ற பொருள். மூன்றாவது வாசனையும் பளபளப்புச் சாயமும். வாசனை அழுக்கை எடுக்காது. பளபளப்புச் சாயம் வெயிலில் நீல ஒளியைத் திருப்பிவிட்டு வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். சாதாத் தண்ணீரில் துவைப்பவர்கள் காசு கொடுக்க வேண்டியது முதல் சேர்க்கைக்கு. போர் தண்ணீர்க்காரர்கள் இரண்டாவதற்கும். பாக்கெட்டின் பின்பக்கம் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சந்தேகமான மலிவுத் தூள் என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் விரற்கடை அளவுக்கு மாவு படிந்தால், கரையாத கல்மாவுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அந்த மாவு கருப்பு பேன்ட்டின் தையலில்தான் போய் உட்காரும். லேசான படிவு ஜியோலைட்டாகவும் இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

கிலோ விலையை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. ஒரு தடவை துவைக்க என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கிலோ 80 ரூபாய்த் தூள், ஒரு முழு மெஷின் துணிக்கு 120 கிராம் போட்டால்தான் அழுக்குப் போகிறது. செலவு 9 ரூபாய் 60 காசு. கிலோ 160 ரூபாய்த் தூள், 50 கிராமிலேயே போகிறது. செலவு 8 ரூபாய். பாதி விலைத் தூள்தான் இங்கே விலை கூடியது.

ஆனால் அதே 80 ரூபாய்த் தூள், அன்றாடம் கட்டும் நைட்டிக்கும் லுங்கிக்கும் 50 கிராம் போட்டாலே போதும். அப்போது 4 ரூபாய்தான். அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது, வீட்டில் இரண்டு டப்பா வையுங்கள். பெரிய டப்பாவில் மலிவுத் தூள், தினசரித் துணிக்கு. சின்ன டப்பாவில் என்சைம் உள்ள தூள், பள்ளிச் சீருடை, காலர், குழந்தைத் துணி, குழம்புக் கறைக்கு. மாசச் செலவு குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்று, கைப்பிடியை நம்பாதீர்கள். ஒரு தூள் பொசபொசவென்று இருக்கும், இன்னொன்று மணல் மாதிரி கனக்கும். ஒரே கப்பில் அள்ளினாலும் எடை ஒன்றாக இருக்காது. மளிகைக்கடைத் தராசில் ஒரே ஒரு தடவை 50 கிராம் நிறுத்து, அது கப்பில் எதுவரை வருகிறது என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். எந்தத் தூள் போட்டாலும் நுரை வருவதில்லை, துண்டு அட்டை மாதிரி விறைக்கிறது.

தூளில் குறை இல்லை, தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. பல போர்களில் 200-ஐத் தாண்டித்தான் வருகிறது. அந்தக் கால்சியம், சோப்பு அழுக்கைத் தொடும் முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் போடும் முதல் இரண்டு ஸ்பூன் தண்ணீருக்கே சரியாகப் போய்விடும்.

இங்கே பார் சோப்பு நஷ்டம். எண்ணெயில் காய்ச்சிய சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து தயிர்த் திரி மாதிரி திரண்டு துணியில் ஒட்டும். சோப்புத்தூள் அவ்வளவு திரளாது. ஜியோலைட் உள்ள தூள் கிடைத்தால் அது இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால், தூள் போடும் முன் ஒரு ஸ்பூன் சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். கால்சியம் அதோடு படிந்துவிடும், அப்புறம் போடும் தூள் முழுசாக அழுக்குக்குப் போகும். பருத்திக்கு மட்டும் இந்த வழி. பட்டு, கம்பளிக்கு வேண்டாம்.

துண்டு விறைப்பதற்கு, மாசம் ஒரு தடவை கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து விடுங்கள். துணியில் படிந்த சுண்ணாம்பு இளகிப் போகும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடிக்க முடிந்தால் அதைவிட நல்ல சலவைத் தண்ணீர் இல்லை. பாதித் தூளில் வேலை முடியும்.

வெள்ளைத் துணி மஞ்சளாகவோ காவியாகவோ மாறினால் போரில் இரும்பு இருக்கலாம். அதற்கு ப்ளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அது துருவாக மாற்றித் துணியிலேயே உட்கார வைத்துவிடும். வெள்ளையை மட்டுமாவது கேன் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ அலசுங்கள்.

தூள் நல்லதா, லிக்விட் நல்லதா?

குளிர்ந்த தண்ணீரில் உடனே கரைவது லிக்விட். சாயத்துணிக்கும் மென்மையானது. ஆனால் தூளில் இருக்கும் சோடா அதில் அவ்வளவு இருக்காது, அதனால் கரி, கிரீஸ், காலர் பிசுக்குக்குத் தூள்தான் பலம். கிலோக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் தூள்தான் மலிவு. மூடி நிறைய ஊற்றுவதுதான் லிக்விட் செலவாகும் வழி. மூடிக்குள் கோடு இருக்கும், அதைப் பார்த்து ஊற்றுங்கள்.

கருப்புத் துணியில் வெள்ளைத் திட்டு வருகிறது.

தூள் கரையவில்லை. ஒரு மக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் தூளைக் கரைத்து, அப்புறம் மெஷினில் ஊற்றுங்கள். துணியை அடைத்து நிரப்பவும் வேண்டாம், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

நுரை நிறைய வந்தால்தானே நல்ல பவுடர்?

இல்லை. நுரை அளவை வைத்து அழுக்கு எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. ஃப்ரன்ட் லோட் மெஷினில் நுரை கெடுதல். அதில் துணி தூக்கித் தூக்கிப் போடப்பட்டுத்தான் அழுக்குப் போகிறது, நுரை மெத்தை மாதிரி தடுத்துவிடும். அதற்குக் குறைநுரைத் தூள் அல்லது லிக்விடைத்தான் வாங்க வேண்டும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. துணி போச்சா?

போகவில்லை, பயப்படாதீர்கள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்புத்தூளும் காரம்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும்.

எண்ணெய் கலந்த சாம்பார்க் கறை என்றால் முதலில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு வைத்து விரலால் தேய்த்து எண்ணெயை எடுங்கள். அப்புறம் என்சைம் தூளில் அரை மணி ஊறவைத்து அலசுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சள் நிறத்துக்கு எந்தப் பவுடரும் வேண்டாம், ஈரத்தோடு நேர் வெயிலில் காயப் போடுங்கள். வெயில் குர்குமினைச் சிதைக்கும். கல்யாண விருந்தில் என் வெள்ளை வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் குழம்பு கொட்டியது. முதல் நாள் மாலை எலுமிச்சை நிறம், இரண்டாம் நாள் வைக்கோல் நிறம், மூன்றாம் நாள் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாயத்துணியும் வெயிலில் வெளுக்கும் என்பதால், இந்த வழி வெள்ளைக்கு மட்டும்.

ரத்தம், பால், முட்டைக் கறைக்கு வெந்நீர் வேண்டாமா?

வேண்டவே வேண்டாம். முட்டையை வேகவைத்தால் இறுகுவது போல, சூட்டில் அந்தக் கறை நூலோடு இறுகிவிடும். குழாய்த் தண்ணீரில் உடனே அலசி, என்சைம் தூளில் ஊறவையுங்கள். இங்கே வெந்நீரை விடக் குளிர்ந்த தண்ணீரே கைகொடுக்கிறது.

மெஷினில் 40, 60 என்று வைத்தால் மின்சாரம் எவ்வளவு கூடும்?

15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் ஃப்ரன்ட் லோட் என்று வைத்துக் கணக்குப் போடலாம். 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற, தண்ணீருக்கு மட்டுமே அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 40-க்கு ஏற்ற ஆறில் ஒரு பங்கு யூனிட். தினம் ஒரு தடவை 60 வைத்தால், இரண்டு மாத மீட்டர் கணக்கில் 30 யூனிட்டுக்கு மேல் தண்ணீர் சுட வைக்கவே போகும். இலவச மின்சார வரம்பின் ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக் கருப்பு டேங்கில் பிற்பகல் 2 மணிக்கு வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். அது சும்மா கிடைத்த வெந்நீர். பிசுக்கேறிய போர்வை, சமையலறைத் துணியை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். பட்டு, ரத்தக் கறை, சாயம் போகும் துணியை அந்தத் தண்ணீரில் போடாதீர்கள்.

பட்டு, கம்பளிக்கு எந்தத் தூள்?

சோப்புத்தூளே வேண்டாம். பட்டும் கம்பளியும் புரதம். ரத்தக் கறையைத் தின்னும் என்சைம் இவற்றையும் தின்னும். என் தங்கையின் பட்டு ரவிக்கையை என்சைம் தூளில் ஊறவைத்துப் பளபளப்பை நானே கெடுத்திருக்கிறேன், அவளிடம் இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய தண்ணீர் போதும், மலிவும்கூட. ஜரிகைப் புடவை என்றால் டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள்.

எப்போது கட்டாயம் வெந்நீர் வேண்டும்?

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி, சிரங்கு என்றால் அந்தத் துணியையும் படுக்கையையும் பிரித்து 60 டிகிரியில் துவையுங்கள். மெஷினில் வழியில்லாவிட்டால் பருத்தித் துணியைக் கொதிநீரில் முக்கி எடுக்கலாம். சிரங்குக்காரர் துணியில் வெந்நீர் தாங்காததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் சிரங்கை உண்டாக்கும் பூச்சி செத்துவிடும். தூசுப் பூச்சியால் இளைப்பு வரும் குழந்தை இருந்தால் தலையணை உறை, விரிப்புக்கும் 60 வேண்டும்.

ப்ளீச்சையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து.

சாதாத் தண்ணீரிலேயே துவைத்து மெஷின் நாறுகிறது.

கரையாத சோப்பும் பிசுக்கும் டிரம்முக்குப் பின்னால் படிந்து பூசணம் பிடிக்கிறது. மாசம் ஒரு தடவை துணி இல்லாமல், இருப்பதில் அதிகச் சூட்டில் ஓடவிடுங்கள். கதவைத் திறந்தே வையுங்கள். தூள் அளவைக் குறைத்தாலே பாதி வாடை போகும்.

ஊட்டி, கொடைக்கானலில் இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

முழுசாகப் பொருந்தாது. உங்கள் தேங்காய் எண்ணெய் பெரும்பாலான நாள் உறைந்துதான் இருக்கும், துணியில் இருக்கும் பிசுக்கும் அப்படியே. லிக்விட் வாங்குங்கள், அல்லது தூளை ஒரு மக்கு வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஊறும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மெஷினில் சூடு வசதி இருந்தால் 30 வைத்தாலே போதும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கடைசியாக, எந்த பிராண்டு வாங்கட்டும்?

உங்கள் தண்ணீர் எனக்குத் தெரியாது, அதனால் பெயர் சொல்ல மாட்டேன். சோதிக்கும் வழி சொல்கிறேன். பழைய வெள்ளைப் பனியன் ஒன்றைக் கைக்குட்டை அளவில் நான்காக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் டீ ஒரு சொட்டு, சாம்பார் ஒரு சொட்டு, பால் ஒரு சொட்டு, அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு பொட்டு வையுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மூன்று தூளில் 10 ரூபாய் பாக்கெட் வாங்கி, மூன்று வாளியில் ஒரே அளவு குழாய்த் தண்ணீர், ஒரே அளவு தூள், 40 நிமிஷம் ஊறல், ஒரே மாதிரி பத்துத் தேய்ப்பு. நான்காவது துண்டை வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நிழலில் காயவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போன மாசம் எங்கள் மாடியில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இதைச் செய்தோம். டீயில் மூன்று தூளும் ஏறக்குறைய ஒன்றுதான். பாலிலும் சாம்பாரிலும் என்சைம் தூள் தெளிவாக முந்தியது. கரிப் பொட்டில் இருப்பதிலேயே மலிவான, சோடா தூக்கலான தூள்தான் முதலில் வந்தது. அந்தத் துண்டுகளைப் பின் குத்தி மாடிக்கொடியில் இன்னும் தொங்கவிட்டிருக்கிறேன், வந்து பார்த்துவிட்டே கடைக்குப் போகலாம்.